முரண்பாடில்லாத தெரு

எங்கள் தெரு முனையில் இருக்கும் நீர் வழங்கல் அலுவலகத்தின் முன்னால் ஒரு சம்பவம் நடந்தது. நடந்தது என்று நான் சொல்லக் கூடாது. நடந்ததாகக் கூறப்படுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு விஷயம் நடப்பதற்கும் நடந்ததாக அரசாங்கம் ஒப்புக்கொள்வதற்கும் நடுவில் ஓர் ஆணையம் உட்கார வேண்டியிருக்கிறது. அது உட்கார்ந்து எழுந்திருக்கும் வரை குடிமக்கள் வாயைக் கட்டிக்கொண்டு பொறுமை காக்க வேண்டும்.

கூறப்படுவது இதுதான். குழாயில் தண்ணீர் வந்து வெகுநாளாகிவிட்டபடியால் நாங்கள் குடமும் வாளியுமாக அந்த அலுவலகத்தின் முன்னால் போய் நின்றோம். தண்ணீர் கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் அனுப்புவதைவிட ராணுவம் அனுப்புவது சுலபம் போலிருக்கிறது. லாரி வந்தது. சிப்பாய்கள் குதித்தார்கள். தள்ளுமுள்ளு, கூச்சல், கல், தடி, கடைசியில் துப்பாக்கி. எடுத்தோம் ஓட்டம். ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால், உருண்டு கிடந்த குடங்களுக்கு நடுவே எங்கள் தெரு பிளம்பர் கிடந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மனிதர் தண்ணீர் கேட்டு வரவே இல்லை. அலுவலக மேலாளரின் கழிவறையில் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையை முடித்துவிட்டு, கையில் ஸ்பேனரோடு படியிறங்கி வந்தவர் அவர். எங்கள் ஊரிலேயே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த ஒரே இடத்தை அடைத்துவிட்டு வந்தவரைத்தான் சுட்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி எங்கள் தெருவில் சின்னதாக ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சுவரில் தலைமுடி பளபளக்கும் பெண்களின் படங்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் பார்லர் அக்காதான். செய்தி கேட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே பிணவறை அதிகாரி மிகுந்த மரியாதையோடு அவளுக்கு நாற்காலி போட்டார்.

"உடலைத் தரணும்னா எந்தப் பிரிவுன்னு தெரியணும்மா."

"என்ன பிரிவு?"

"கலவரக்காரர், வேடிக்கை பார்த்தவர், வழிப்போக்கர். மூணு பிரிவு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நடைமுறை."

"அவரு பிளம்பருங்க."

"அப்படி ஒரு பிரிவு இல்லம்மா. ஆணையம் வரப்போகுது, அவங்க முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் பத்திரமா இருப்பாரு. கவலைப்படாதீங்க, ஊர்லயே இங்க மட்டும்தான் கரண்டு போகாது."

ஆக, பார்லர் அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புருஷனை அடக்கம் செய்ய வேண்டும். அதற்கு அவர் எப்படிச் செத்தார் என்று அரசாங்கம் சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தெருவே பார்த்திருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று அவள் நினைத்துவிட்டாள். பாவம், எங்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆணையம் என்பது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவருக்கு ஒரு செயலாளர், செயலாளருக்கு ஒரு மணி. உள்விளையாட்டு அரங்கத்தில் மேடை போட்டு உட்கார்ந்தார்கள். நீதிபதியின் தலைக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம் தொங்கியது. கீழே இருந்த எங்களுக்கு, எந்த நேரமும் ஒரு பந்து வந்து அவர் மண்டையில் இறங்கிவிடும் போலவே இருந்தது. இறங்கவில்லை. நம் ஆசை எது நிறைவேறியது?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று சொல்லி நீதிபதி விசாரணையைத் தொடங்கிவைத்தார். வீட்டில் காபி கேட்பதென்றாலும் எழுத்துத் தமிழில்தான் கேட்பாரோ என்னவோ, அப்படி ஒரு பேச்சு. கண்ணால் கண்டவர்களும் காதால் கேட்டவர்களுமாக உட்கார்ந்திருந்த நாங்கள் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். கைதட்டினோம்.

அடுத்து விதியை அறிவித்தார். "இரண்டு சாட்சிகள் ஏதேனும் ஒன்றில் முரண்பட்டால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருள். யார் என்று தெரியாது. ஆகவே நடுநிலை கருதி இருவர் சாட்சியமும் நீக்கப்படும்." இதைவிட நியாயமாக ஒரு மனிதர் எப்படிப் பேச முடியும் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் உருகிப்போனார்.

இதற்குள் சாட்சி சொல்வது எங்கள் பக்கத்தில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. அரங்கத்து வாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் நின்றார்கள். சாட்சி சொல்லப் பெயர் கொடுத்தவர்களுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள ஆணையம் ஒரு நீல ரிப்பன் கொடுத்தது. ரிப்பன் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போனால், "ஏன், நீங்க எதையும் பாக்கலையா?" என்று இரக்கத்தோடு விசாரித்தார்கள். சம்பவத்தன்று வெளியூரில் இருந்தவர்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டு எதையோ பார்த்துவிட்டார்கள். டெய்லர் கடையில் "சாட்சிக் காலர்" என்று புதுவிதக் காலர் தைத்தார். மேடையில் கழுத்து விறைப்பாகத் தெரியுமாம்.

பெண்கள் புருவம் திருத்திக்கொள்ள எங்கே போவார்கள்? பார்லர் அக்காவிடம்தான் போனார்கள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் கிடக்க அவளுக்கு வழியில்லை, திறந்துதான் வைத்திருந்தாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. என் மனைவி தன் முறைக்காக அங்கே காத்திருந்தாள். ஆகையால் இது அவள் கண்ணால் கண்ட சாட்சியம். அதில் பொய் இருந்தால் என்னைப் பிடிக்காதீர்கள்.

நாற்காலியில் சாய்ந்திருந்தது மாடிவீட்டம்மா. "அக்கா, புருவம் நல்லா வில்லு மாதிரி வரணும். கேமரா பக்கவாட்டுல வெச்சிருக்காங்களாம்."

"சாட்சி சொல்லவா போறீங்க?"

"பின்ன? உங்க வீட்டுக்காரரு விழுந்ததை என் ரெண்டு கண்ணால பாத்தவ நான். அந்தப் பச்சைச் சட்டை இன்னும் கண்ணுலயே நிக்குது."

அக்கா நூலைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள். "அன்னிக்கு அவரு நீலம்தான் போட்டுட்டுப் போனாரு."

"பச்சைதான்க்கா. நீங்க கடைக்குள்ள இருந்தீங்க. நான்தானே பாத்தேன்?"

காத்திருந்த மளிகைக்கடைக்காரர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பச்சையுமில்ல நீலமுமில்ல. சட்டையே போடல அவரு. பனியனோட வந்தாரு. குழாய் வேலை பாத்துட்டு ஈரமா வந்தவரு எப்படிச் சட்டை போட்டிருப்பாரு?"

"நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

"நான் எங்க இருந்து பாத்தா உங்களுக்கென்ன? சுட்டதும் குப்புற விழுந்தாரு."

"மல்லாக்க விழுந்தாரு. முகத்தைப் பாத்தேனே!"

அக்காவின் கையில் நூல் நின்றுவிட்டது. "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். "உங்க பேரைத்தான் சொன்னாரு" என்றது மாடிவீட்டம்மா. "ஒண்ணும் சொல்லல, பொட்டுனு போயிட்டாரு" என்றாள் மற்றவள். அக்கா குனிந்து மிச்சப் புருவத்தையும் எடுத்து முடித்தாள். வில் மாதிரியே வந்திருந்தது. என் மனைவிக்கு அழுகை வந்துவிட்டதாம். ஆனாலும் முறை வந்ததும் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாட்சி விசாரணை தொடங்கியது. முதலில் டெய்லர், புதுக் காலரோடு ஏறினார்.

"லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது?"

"எனக்கு வலது பக்கமிருந்துங்க ஐயா."

அடுத்து மளிகைக்கடைக்காரர். "எனக்கு இடது பக்கமிருந்துங்க ஐயா."

அவர் இந்த ஓரத்தில் நின்றார், இவர் எதிர் ஓரத்தில் நின்றார். இதைச் சொல்ல டெய்லர் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. "லாரி எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள்" என்றார் நீதிபதி.

இப்படியே தடி போயிற்று, கூச்சல் போயிற்று. முதலில் கல் விழுந்ததா துப்பாக்கி வெடித்ததா என்பதில் இரண்டுமே போயின. நானும் ஏறினேன். கூட்டம் கலைந்தபோது நான் ஒரு காருக்குப் பின்னால் படுத்துவிட்டதால் பார்த்ததெல்லாம் ஒரு டயர்தான். அந்த டயரைப் பற்றி நான் அளித்த சாட்சியம் ஆணித்தரமானது. என் துரதிர்ஷ்டம், அதே காருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர் வேறு டயரைப் பார்த்திருந்தார்.

நீர் வழங்கல் அலுவலக மேலாளர் வந்தார்.

"அன்று உங்கள் அலுவலகத்துக்கு பிளம்பர் ஒருவர் வந்தாரா?"

"வர வாய்ப்பே இல்லீங்க ஐயா. ஊர்லயே தண்ணி இல்ல. ஊருக்கே இல்லாத தண்ணி எங்க ஆபீசுக்கு மட்டும் வருமா? தண்ணி வராத குழாய் ஒழுகுமா? ஒழுகாத குழாய்க்கு பிளம்பர் எதுக்குங்க ஐயா?"

நீதிபதி தலையாட்டினார். இப்படிக் கோவையாகப் பேசும் சாட்சியை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டாள். "ஐயா, இவங்க ஆபீஸ் ஆளுதான் வந்து கூப்பிட்டாரு. என் கடை வாசல்ல நின்னுதான் கூப்பிட்டாரு. இவரு சொல்றது பொய்யிங்க."

"நீங்கள் சம்பவ இடத்தில் இருந்தீர்களா?"

"இல்லீங்க ஐயா. கடையில இருந்தேன்."

"அப்படியானால் அமருங்கள், அம்மா. நேரில் பார்த்தவர்களையே இந்த ஆணையம் நம்புவதில்லை. பார்க்காதவர்களை எப்படி நம்பும்?"

அக்கா உட்கார்ந்தாள். உட்காராமல் என்ன செய்வாள்? இரண்டு பக்கமும் காவலர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

பிறகு சிப்பாய்கள் வந்தார்கள். அடடா, அது சாட்சியம்! முதல் சிப்பாய் விறைப்பாக நின்று சொன்னான். "நான் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தேன். கூட்டம் கொந்தளித்தது. எச்சரித்தோம். வானத்தை நோக்கிச் சுட்டோம். ஒருவர் தாமாகவே விழுந்தார்." இரண்டாவது சிப்பாய் வந்தான். "நான் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தேன். கூட்டம் கொந்தளித்தது." அடுத்தவனும் மூன்றாவதாகத்தான் நின்றிருந்தான். அதற்கடுத்தவனும் அப்படியே. முகாமில் சமையல் செய்கிறவர், அன்றைக்குக் குடல்வால் அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடையேறினார். அவரும் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தார்.

செயலாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எல்லாருமேவா மூணாவதா நின்னீங்க?" என்று படை அதிகாரியைக் கேட்டார்.

"எங்க படையில ஏற்றத்தாழ்வு கிடையாதுங்க" என்றார் அதிகாரி.

"வானத்தைப் பாத்துச் சுட்டீங்கன்னா, அவரு என்ன பறந்துக்கிட்டா இருந்தாரு?" என்று எங்களில் யாரோ ஒருவர் கத்தினார். அவரை வெளியே கொண்டுபோனார்கள். ரிப்பனையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அவருக்கு வருத்தம்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் வாழ்நாளில் இவ்வளவு முரண்பாடற்ற சாட்சியத்தைக் கேட்டதில்லை" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். முகம் மாறிவிட்டது. "பொதுமக்களே, உங்கள் அனைவர் சாட்சியமும் நீக்கப்படுகிறது. முரண்பட்டவர்கள் மீது பொய்ச்சாட்சி வழக்குத் தொடர இடமுண்டு. ஆயினும் ஆணையம் கருணையுள்ளது. உங்கள் தெரு முழுவதும் ஒரே சாட்சியம் சொல்ல முன்வருமானால் ஏற்கப்படும். அது வரும்வரை அந்த உடலையும் எந்தப் பிரிவிலும் சேர்க்க இயலாது."

வழக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் தெருவில் ஒற்றுமை வந்த வேகம் இருக்கிறதே, தண்ணீருக்காகக்கூட அப்படி வந்ததில்லை. அன்று சாயங்காலமே எல்லோரும் ட்யூஷன் மாஸ்டர் வீட்டு முன்னறையில் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மாஸ்டர் கணக்குப் பாடம் எடுப்பவர். பரீட்சையில் தேறாதவனையும் தேற்றிவிடுவார் என்று பெயர். வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ரொம்பச் சுலபம். பாத்ததையெல்லாம் சொல்லுங்க, எழுதறேன். ஒத்துப்போகாததை அடிச்சிடுவோம். மிச்சம் நிக்கிறதுதான் விடை."

பலகை நிறைய எழுதினார். பிறகு அடிக்க ஆரம்பித்தார். சட்டையின் நிறம் போனது. லாரி வந்த பக்கம் போனது. பக்கமில்லாமல் லாரி எப்படி வரும் என்று யாரோ கேட்க, லாரியும் போனது.

"லாரி இல்லன்னா சிப்பாய்ங்க எப்படி வந்தாங்க?" என்றார் டெய்லர்.

"நடந்து வந்தாங்கன்னு வெச்சுக்கலாமா?"

"நடந்து வந்ததை நான் பாக்கல. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் மளிகைக்கடைக்காரர். அவர் எடைபோடும் கையை அறிந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிப்பாய்களும் போனார்கள்.

"சுட்ட சத்தம் இருக்கே" என்றேன் நான்.

"எத்தனை தடவை?"

ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னோம். ஒருவர் அது டயர் வெடித்த சத்தம் என்று வாதாடினார். மாஸ்டர் ஒரே கோடாக அடித்தார்.

மூலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த பார்லர் அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாஸ்டர், அவரு விழுந்தாரே. அதை எழுதலையே?"

"எழுதுவோம்மா. எழுதாம? குப்புறவா, மல்லாக்கவா?"

மாடிவீட்டம்மாவும் மளிகைக்கடைக்காரர் மனைவியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மாஸ்டர் வருத்தத்தோடு டஸ்டரை எடுத்தார்.

"எப்படி விழுந்தா என்ன மாஸ்டர்? விழுந்தாருன்னு மட்டும் எழுதுங்க."

"அப்படி எழுதினா அடுத்த கேள்வி எப்படி விழுந்தாருன்னுதான் வரும். அதுல நாம ஃபெயில். தெரியாத கேள்வியை நாமளே கேட்டு வாங்கக் கூடாதும்மா."

"விழாம எப்படிங்க அவரு பிணவறைக்குப் போனாரு?"

"அது நம்ம பாடத்துல இல்ல."

அக்கா எழுந்து நின்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். "நீங்கள்லாம் அங்கதானே இருந்தீங்க? பாத்தீங்கதானே? சட்டையை விடுங்க, லாரியை விடுங்க. ஒரு ஆளைக் கொன்னாங்கங்கறதுல யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் உனக்காகத்தாம்மா பண்றோம். நாங்க ஒத்துமையாச் சொன்னாத்தான் அவரை உன்கிட்ட குடுப்பாங்க" என்றார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறவர்கள் மருந்து தடவுகிற குரலில்தான் பேசுவார்கள். அக்கா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

கடைசியில் பலகையில் மிஞ்சியது இவ்வளவுதான்: "நாங்கள் குடங்களுடன் நின்றோம். பிறகு வீடு திரும்பினோம்." அதிலும் வாளி கொண்டுவந்தவர்கள் ஆட்சேபித்ததால் குடத்தை அடித்துப் பாத்திரம் என்று போட்டார்கள். மாஸ்டர் எங்களை எழுப்பி நிற்கவைத்து, ராகம் போடாமல் சொல்லும்வரை விடவில்லை.

மறுநாள் அரங்கத்தில் தெரு முழுவதும் சேர்ந்து நின்று ஒரே குரலில் ஒப்பித்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒருவர் மறைத்தால்தான் தெரியும். ஊரே ஆளுக்கு ஒரு பிடி சோறு போட்டால் பூசணிக்காய் என்ன, அதன் கொடிகூட மறைந்துவிடும். நீதிபதி எழுந்து நின்று கேட்டார். சிப்பாய்களின் சாட்சியத்தையும் எங்கள் சாட்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒன்றை ஒன்று மறுக்கவில்லை" என்றார் நெகிழ்ந்துபோய். "சிப்பாய்கள் வானத்தைச் சுட்டார்கள். மக்கள் வீட்டுக்குப் போனார்கள். மோதல் என்று எதுவும் நிகழவில்லை."

"அப்ப அந்த உடலுங்க ஐயா?" என்றார் செயலாளர்.

நீதிபதி யோசித்தார். இறந்தவர் கலவரக்காரர் அல்ல, கலவரமே இல்லை. வேடிக்கை பார்த்தவர் அல்ல, பார்க்க வேடிக்கை ஒன்றும் நடக்கவில்லை. வழிப்போக்கரும் அல்ல, அவர் அந்த வழியே போனதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான்காவதாக ஒரு பிரிவை அங்கேயே உண்டாக்கினார்: தொடர்பற்ற உடல். தொடர்பற்ற உடலைத் தருவதற்கு எந்த நடைமுறையும் இல்லை. எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

"பாத்தியாம்மா, நாங்க சொன்னது நடந்துச்சா இல்லையா?" என்று டெய்லர் அக்காவிடம் பெருமையாகக் கேட்டார்.

கலையும்போது செயலாளர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ஒரு விஷயம். நீங்க சத்தியம் பண்ணின சாட்சியத்துல யாரும் சாகல. நாளைக்கு அடக்கத்துக்குப் போய் நின்னீங்கன்னா, யாரோ செத்ததா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் முரண்பாடு வந்துடும். பாத்துக்குங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வண்டி பெட்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மயானம் தெருவின் மறுமுனைக்கு அப்பால்தான். தூக்க நாலு பேர் வேண்டும். அக்கா டெய்லர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டெய்லர் சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "மனசு கிடந்து அடிச்சுக்குதும்மா. ஆனா சத்தியம் பண்ணிட்டோமே. நான் வந்தா அவரு செத்ததா ஆயிடும்."

"வரலைன்னா எழுந்து வந்துடுவாரா அண்ணே?"

கதவு மூடிக்கொண்டது. மளிகைக்கடையில் ஷட்டர் பாதிவரை இறங்கியது. மாஸ்டர் வீட்டில் யாரும் இல்லையென்று உள்ளேயிருந்து மாஸ்டரே குரல் கொடுத்தார். என் வீட்டுக் கதவையும் தட்டினாள். நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். தட்டுவது நின்றதும் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அக்கா நேராகத் தெருமுனைக்குப் போனாள். அங்கே இன்னமும் காவலுக்கு நின்றிருந்த சிப்பாய்களிடம், "பெட்டியைத் தூக்க ஆள் இல்ல. வர்றீங்களா?" என்று கேட்டாள்.

சிப்பாய்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி தன் சாட்சியத்தை மனத்துக்குள் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்திருக்க வேண்டும், உதடு அசைந்தது. "ஒருத்தர் விழுந்தாருன்னு நாங்க சொல்லியிருக்கோம். விழுந்தவரைத் தூக்கறதுல தப்பில்ல. போங்கப்பா" என்றார்.

துப்பாக்கிகளைச் சுவரில் சாத்திவிட்டு நாலு பேர் வந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். அவர்களில் சுட்டவன் இருந்தானா, அக்காவுக்கும் தெரியாது. அக்கா முன்னால் நடந்தாள். தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் திரை லேசாக விலகி, அவர்கள் கடந்ததும் மூடிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. வெளியே கேட்டுவிடப் போகிறது என்று என் மனைவி வாயைப் பொத்தினாள்.

சில நாளில் ஆணையத்தின் அறிக்கை வெளியானது. முதல் பாதியில் எங்கள் தெருவை மற்ற தெருக்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி என்று புகழ்ந்திருந்தார்கள். உச்சி குளிர்ந்து போனோம். அடுத்த பாதியில் இப்படி இருந்தது: "பொதுமக்கள் பாத்திரங்களுடன் நீர் வழங்கல் அலுவலகத்தின் முன் நின்றனர் என்பதும், பின் அமைதியாக வீடு திரும்பினர் என்பதும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. பாத்திரத்துடன் நின்றவர்கள் அமைதியாகத் திரும்பினர் எனில் அவை நிரம்பியிருந்தன என்பதே பொருள். ஆகவே இத்தெருவில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை."

அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியும் நின்றது. அலறியடித்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினோம். அவர் கழிவறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தண்ணி கிடைச்சுதுன்னு நீங்கதானே சத்தியம் பண்ணினீங்க?"

"அது வந்துங்க சார், அன்னிக்கு நிஜமா என்ன நடந்துச்சுன்னா..."

"என்ன நடந்துச்சு?" என்றார் மேலாளர். "சொல்லுங்க. அப்ப அன்னிக்கு ஆணையத்துல சொன்னது பொய்யா?"

வெளியே வந்ததும் மாஸ்டருக்குத்தான் யோசனை உதித்தது. தெருவில் சத்தியம் செய்யாத வாய் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வாய் உண்மையைச் சொன்னால் யாராலும் வழக்குப் போட முடியாது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எல்லோரும் காலிப் பாத்திரங்களோடு பார்லர் வாசலுக்குப் போனோம். அக்கா நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து அவள் முகம் சுளிக்கவுமில்லை, மலரவுமில்லை.

மாடிவீட்டம்மாதான் முதலில் பேசியது. "அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். நீங்க மட்டும்தான் சத்தியம் பண்ணல. நீங்க போய்ச் சொல்லணும்."

"என்னன்னு?"

"நடந்ததைத்தான்க்கா. தண்ணி கேட்டு நின்னோம், லாரி வந்துச்சு, சுட்டாங்க, உங்க வீட்டுக்காரரைக் கொன்னுட்டாங்கன்னு. எல்லாத்தையும் சொல்லிடுங்க. நீங்க சொன்னா யாரு மறுப்பாங்க?"

"பச்சைச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்க எதைச் சொன்னாலும் சரிக்கா" என்றார்கள் இரண்டு பெண்களும், முதல்முறையாக ஒத்துப்போய்.

அக்கா துணியை மடித்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். "நான் அங்க இல்லையே. கடைக்குள்ள இருந்தேன். நான் எதையும் பாக்கல. பாக்காததைப் பாத்ததா எப்படிச் சொல்றது, தப்பில்லையா? பாத்தவங்க யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க. அவங்களோட நானும் வந்து நிக்கிறேன்."

நியாயமான பேச்சு. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதுவரை ஒருவரும் அகப்படவில்லை.